மணக்குடிக் கழியும் அதன் உயிர்த்தொகுதியும்

தொல்காப்பியர் விலங்கு, மரம், புள் முதலியவற்றை நிலத்திற்குரிய கருப்பொருள்களாக வகுத்தார். நிலம் மாறாதிருப்பின் அதன் கருப்பொருளும் மாறாதிருக்கும் என்பது அவ்வகுப்பின் அடிப்படை. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழியிலோ நீரின் இயல்பே நாடோறும் வேறுபடுகின்றது. அங்கு உயிர்கள் எம்முறையால் அமைகின்றன? நாஞ்சில் நாட்டு மணக்குடிக் கழியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மேற்கு மலையில் தோன்றும் பழையாறு பூதப்பாண்டி, சுசீந்திரம் வழியாக ஓடி, மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையே அரபிக்கடலை அடைகின்றது. கடல்நீரில் ஆயிரம் பங்கிற்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. ஆற்றுநீரில் அரைப் பங்கும் இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நீரில் இரு பக்கத்து உயிர்களும் கூடி வாழும், ஆதலின் இனங்கள் மிகும் என்று கருதத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. செருமானிய அறிஞர் ரெமானே பால்டிக் கடலை ஆராய்ந்து 1934இல் காட்டியவாறு, உப்பு 5 முதல் 8 பங்கு வரை உள்ள நீரிலேயே இனங்கள் மிகக் குறைவு. நன்னீர் உயிர்க்கு அது மிகை. கடலுயிர்க்கு அது குறை. பால்டிக்கில் அலையேற்றம் மிகச் சிறிது. நம் கழிகளில் உப்பு விரைந்து ஏறியிறங்கும். ஆதலின் அவ்வளவையை இங்கு அப்படியே பொருத்துதல் பொருந்தாது. எனினும், தாங்கவல்ல இனங்கள் சிலவாயினும் அவை பெருந்தொகையாகப் பெருகும் என்னும் உண்மை இங்கும் காணத்தக்கது.

மற்றொன்று, கடல்நீர் கனமுடையது. நன்னீரின் அடியிற் புகுந்து ஆப்புப்போல் மேல்நோக்கி ஏறும். ஆதலின் ஓரிடத்திலேயே மேலே மிதக்கும் நுண்ணுயிரும் அடிச்சேற்றில் வாழும் புழுவும் வெவ்வேறு உப்பில் வாழ்தல் கூடும். மடவையும் கரிமீனும் இம்மாற்றத்தைத் தாங்குவன. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கழியில் வளர்ந்து மீண்டும் கடல் புகும். ஆற்றுப் பேரிறாலின் நெறி இதற்கு நேர்மாறு. அது ஆற்றில் வாழ்ந்து, குஞ்சு பொரிக்க உவர்நீருக்கு இறங்கும்.

இவ்விரு போக்குவரவுக்கும் வாயில் பொழி. புகார் என்னும் பழஞ்சொல் ஆறு கடலிற் புகுமிடத்தைக் குறிக்குமேயன்றி, மணலால் அடைபட்டும் வெள்ளத்தால் திறந்தும் நிற்கும் வாயைச் சுட்டாது. இதனை வட்டார வழக்கென்று ஒதுக்குதல் எமக்கு உடன்பாடன்று. கோடையில் ஆற்றொழுக்குக் குறைய, அலைகள் மணலைக் குவித்துப் பொழியை அடைக்கும். அப்பொழுது இறாற்குஞ்சு உள்ளே வர வழியில்லை. தேங்கிய நீர் வெயிலில் உவர்ப்பேறும். மழை பெய்யின் நன்னீராகும். இடவப்பாதி மழையிலும் துலாமழையிலும் பெருகும் வெள்ளம் வயல்களில் தேங்கின், அது வடியப் பொழியை வெட்டவேண்டும். வெட்டியபின் ஆற்றுநீர் குன்றுமாயின் உவர்நீர் உள்ளேறி வயலைக் கெடுக்கும். உழவர் வேண்டும் நாளும் மீனவர் வேண்டும் நாளும் எப்பொழுதும் ஒன்றாதல் இல்லை.

கதம்பல் ஊறவைக்கும் இடங்களில் உப்பின் கணக்கும் பயன்படாது. மட்டை அழுகும்பொழுது நீரிலுள்ள உயிர்வளி குன்றி, நாற்றமுடைய கந்தக வளி மிகும். ஆங்கு அடிச்சேற்றில் மட்டியும் நண்டும் அருக, வளிக்குறையைத் தாங்கும் சில புழுக்களே எஞ்சும். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. சுசீந்திரத்தைக் கடந்து வரும் அதே பழையாற்று நீரே இக்கழியின் உப்பையும் அளவிடுகின்றது.