ஆடும் கீழ்ப் பல்செட்... தாங்கிப் பிடிக்கும் இரண்டு ‘பட்டன்’கள்!

பல்செட் அணிந்திருக்கும் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். “மேல்செட் பரவாயில்லை. கீழ்செட்தான் சாப்பிடும்போது எழும்பி வந்துவிடுகிறது” என்பார்கள் பலர். முறுக்கையும் கடலையையும் மறந்துவிட்டு, சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிடுவார்கள். நாலு பேர் நடுவில் பேசும்போது செட் நழுவிவிடுமோ என்று வாயைத் திறக்கவே கூச்சப்படுபவர்களும் உண்டு.

கீழ்செட் மட்டும் ஏன் ஆடுகிறது?

மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடி, எச்சில் படலத்தின் உதவியோடு ஒட்டிக்கொள்கிறது. கீழ்செட்டோ குதிரைலாட வடிவம். உட்காரும் இடம், மேலே இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். நடுவில் நாக்கு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் கன்னத் தசைகளும் தள்ளும்.

போதாததற்கு, பல் போன இடத்தில் எலும்பும் கரைகிறது. பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து ஆராய்ந்த டால்கிரென், கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகம் தேய்வதை 1972-ல் எடுத்துக்காட்டினார். அதனால், நன்றாகப் பொருந்திய செட்கூட சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும்.

இரண்டே இரண்டு போதும்

இதற்குத் தீர்வு, டைட்டானியத்தால் ஆன இம்ப்ளான்ட். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் தாங்கும் பல்செட்டையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள்.

இவற்றைப் பெரும்பாலும் கோரைப்பற்கள் இருந்த இடத்தில் பொருத்துவார்கள். பின்பகுதி தேய்ந்த பிறகும் அங்கே ஓரளவு எலும்பு மிஞ்சியிருக்கும். இம்ப்ளான்ட் தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் அதற்கேற்ற குழி. சட்டையின் பிரஸ் பட்டன் போல ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். தேவைப்படும்போது கழற்றிக்கொள்ளலாம்.

இறுக்கம் எல்லாம் நல்லதல்ல

‘எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது’ என்று நினைக்கத் தோன்றும். விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஈறு மெத்தை போல அமுங்கும். எலும்போடு ஒட்டிய இம்ப்ளான்ட் அப்படி அமுங்காது. கடைவாயில் மெல்லும்போது செட்டின் பின்பக்கம் ஈறுக்குள் சற்றே இறங்கும். முன்னால் உள்ள இரண்டு குமிழ்களும் கதவுக் கீல் போல அந்த அசைவுக்கு இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், நெம்புகோலால் ஆணியை நெம்புவதுபோல ஒவ்வொரு கடியும் இம்ப்ளான்ட்டை நெம்பும்.

அதனால்தான் குழிக்குள் ஒரு ரப்பர் வளையமோ நைலான் துண்டோ வைக்கிறார்கள். அது கொஞ்சம் நெகிழ்கிறது; நாளடைவில் தேய்ந்தும் போகிறது. தேய்வது அதன் குறை அல்ல. எலும்புக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் வர வேண்டிய சேதத்தை அது வாங்கிக்கொள்கிறது.

எந்த வகை யாருக்கு?

பந்துக் குமிழ்: எளிமையானது. ஆனால் உயரம் கூடுதல். உயரம் கூடக்கூட, பக்கவாட்டு விசை இம்ப்ளான்ட்டை வளைக்கும் பலமும் கூடும்.

லொக்கேட்டர்: குட்டையானது, இடம் குறைவான வாய்க்கு ஏற்றது. நைலான் துண்டின் நிறத்தை வைத்தே பிடிமானத்தைச் சொல்லலாம். வழக்கமான வகையில் நீலம் சுமார் 0.7 கிலோ, இளஞ்சிவப்பு 1.4 கிலோ, நிறமற்றது 2.3 கிலோ.

பார்: இரண்டு இம்ப்ளான்ட்களையும் ஓர் உலோகக் கம்பி இணைக்கும். பிடிமானம் நல்லது. ஆனால் இடம் அதிகம் வேண்டும். கம்பிக்கு அடியில் சுத்தம் செய்வது சிரமம்.

காந்தம்: பிடிமானம் குறைவு. ஆனால் மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம்.

மூட்டுவலியால் விரல்களில் பலம் குறைந்த பாட்டிக்கு மிக இறுக்கமான செட்டைக் கொடுத்தால், இரவில் அவரால் கழற்றவே முடியாது. சுத்தம் செய்யாமல் விட்டால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு வீங்கும். எனவே, ‘அவரே கழற்ற முடியுமா?’ என்பதை முதல் கேள்வியாகப் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* செட்டைக் கடித்து மாட்டக் கூடாது. இரண்டு பக்கமும் விரலால் சமமாக அழுத்தி மாட்டுங்கள். கழற்றும்போதும் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தூக்குங்கள்.

* இரவில் கழற்றி, தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், செட் வளைந்துவிடும்.

* குமிழ்களைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தினமும் தேயுங்கள்.

* நைலான் துண்டை அவ்வப்போது மாற்றுவது வழக்கமான பராமரிப்புதான். ஆனால் அடிக்கடி தேய்ந்தால், துண்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பின்பக்க எலும்பு குறைந்து, செட்டுக்கு அடியில் இடைவெளி விழுந்திருக்கலாம். அப்படியானால், ‘ரீலைனிங்’ செய்து செட்டின் அடிப்பகுதியைச் சரிசெய்ய வேண்டும்.

* சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கட்டும். புகைப்பழக்கம் வேண்டவே வேண்டாம். இரண்டுமே இம்ப்ளான்ட்டின் ஆயுளைக் குறைக்கும்.

இம்ப்ளான்ட் வைத்தாயிற்று, இனி மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஆடத் தொடங்கிய செட்டோடு மாதக்கணக்கில் மென்றால், அந்தச் சின்ன நைலான் துண்டு தாங்க வேண்டிய சுமை எலும்பின் மேல் விழும். துண்டை மாற்றுவது சுலபம். இழந்த எலும்பைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு சுலபமல்ல.