பத்தாயிரம் சுற்றும் ஒரு லிட்டர் எண்ணெயும்

யமஹா ஆர்15 வண்டியின் இன்ஜின் தன் முழு பலத்தையும் காட்டுவது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும்போதுதான். நொடிக் கணக்கில் சொன்னால் 166 சுற்றுக்கும் சற்று மேல். அதனுள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 58.7 மில்லிமீட்டர், ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை. அந்தக் குறுகிய இடத்துக்குள் பிஸ்டன் ஒரு நொடியில் 333 தடவை நின்று, திரும்பி, மறுபடி ஓடுகிறது. இப்படி நின்று நின்று ஓடியும் அதன் சராசரி வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்.

2008இல் ஆர்15 வந்தபோது, ரேடியேட்டர் வைத்த இன்ஜின் முதல்முறையாக நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களின் கைக்கு எட்டியது. 2017 டிசம்பரில் நம் ஓசூரில் தயாரான டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 அறிமுகமானது. 312 சிசி, 34 குதிரைத்திறன். இன்று காரைக்குடி நூறடிச் சாலையில் மாலை வேளையில் நின்றால் இந்த இரண்டையும், கேடிஎம் ஆர்சி வண்டிகளையும் சாதாரணமாகப் பார்க்கலாம். வண்டி மாறிவிட்டது, வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் மாறவில்லை. அப்பா ஸ்ப்ளெண்டரை எப்படி வைத்திருந்தாரோ அப்படியே மகன் ஆர்15ஐ வைத்திருக்கிறார். எண்ணெய் குறைந்தாலும், செயின் தொங்கினாலும் ஸ்ப்ளெண்டர் பொறுத்துக்கொண்டு ஓடும். ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் ஒவ்வொரு பாகமும் தாங்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறது.

பராமரிப்பு என்றதும் ஸ்பேனரும் கரி படிந்த கையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வண்டிகளைப் பொறுத்தவரை முக்கால்வாசிப் பராமரிப்பு திரவங்களைப் பற்றியது. இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், செயினுக்குப் போடும் எண்ணெய், பேட்டரிக்குள் இருக்கும் அமிலம் ஆகியவை ஒழுங்காக இருந்தால் உலோகம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

இன்ஜின் ஆயிலை எடுத்துக்கொள்வோம். இந்த அளவு வண்டிகளில் அது ஏறக்குறைய ஒரு லிட்டர், பெரிய இன்ஜினில் இன்னும் கொஞ்சம் கூட. காரில் இன்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். பைக்கில் அப்படி இல்லை. அதே ஒரு லிட்டர்தான் பிஸ்டனைக் காக்க வேண்டும், கியர் பற்களுக்கு நடுவே நசுங்க வேண்டும், கிளட்ச் பிளேட்டுகளையும் நனைக்க வேண்டும். இதில் ஒரு முரண் இருக்கிறது. பிஸ்டனுக்கு வழுக்கல் வேண்டும், கிளட்ச் பிளேட்டுக்கோ பிடிப்பு வேண்டும். காருக்கென்று வரும் எண்ணெய்களில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். அதை பைக்கில் ஊற்றினால் இன்ஜின் சீறும், வண்டி போகாது, கிளட்ச் வழுக்கிவிடும். இதற்காகவே ஜப்பானியர்கள் ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்று தனித் தரக்குறியீடு வைத்தார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் அது அச்சாகியிருக்கும். 10டபிள்யூ-40 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த எழுத்துகளையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் அளவைப் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, எண்ணெய் கீழே வடியும்வரை காத்திருந்து, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்க்கும் அளவு பொய். எண்ணெய் கறுத்துப்போவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கரியைத் தன்னோடு மிதக்கவைத்துச் சுமப்பதும் அதன் வேலைதான். பால் கலந்தது போல வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும், அதில் நீர் கலந்திருக்கிறது. வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இது வரும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைவாக ஓடும் வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு உதவாது, மாதக் கணக்குதான் சரி.

அடுத்தது கூலன்ட். ரேடியேட்டரில் நீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்புகள் சூட்டில் படிந்து, ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். அது மெதுவான கேடு. அதே நீரில் இருக்கும் குளோரைடு செய்வது வேகமான கேடு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஓர் ஆக்சைடு படலம் இருக்கிறது; அதுதான் அந்த உலோகத்தின் கவசம். குளோரைடு அந்தக் கவசத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டு, உள்ளே குழி தோண்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று ரேடியேட்டர் ஒழுகும்.

இந்த விஷயத்தைப் பேச காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது. ஊரார் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. உலோகம் ஏன் அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது, பேட்டரி எப்படி வேலை செய்கிறது, உலோகத்தின் மேல் உலோகம் பூசுவது எப்படி என்பதெல்லாம் அங்கே நடக்கும் ஆராய்ச்சி. ஒரு பைக்கைப் பிரித்துப் போட்டால் இவை அத்தனையும் அதில் இருக்கின்றன. ரேடியேட்டருக்குத் திரும்பினால், முறையான கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் உப்பு நீக்கிய நீரும் சேர்ந்தது. அதில் அரிமானத் தடுப்பான்கள் சிறிதளவு கலந்திருக்கும். அவை அலுமினியத்தின் கவசத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் அவை செலவாகிவிடுவதால்தான், நிறம் மாறாமல் இருந்தாலும், கையேட்டில் சொன்ன காலத்தில் கூலன்டை மாற்றச் சொல்கிறார்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் திரவம் கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

சிக்ரிக்கு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் ஆய்வுக் களங்கள் உண்டு. கடற்காற்றில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதைப் பார்க்க அந்தக் கரை அவ்வளவு ஏற்ற இடம். காரைக்குடிப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பி, தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக தனுஷ்கோடிக்கு வண்டி ஓட்டிப்போவதும் அதே மண்டபத்தைத் தாண்டித்தான். இரண்டு பக்கமும் கடல் இருக்க அரிச்சல்முனை வரை ஓட்டுவது பெரிய ஆனந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டி உப்பைச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது. உப்புத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் பரவும். அந்தப் படலம் மின்சாரம் கடத்தும். அலுமினிய பாகத்தில் எஃகு போல்ட் முடுக்கியிருக்கும் இடத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். ஃபேரிங்கைக் கழற்றப்போனால் போல்ட் அசைய மறுப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தனுஷ்கோடி போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில், மெல்லிய தாரையாக, அடிப்பக்கம் உட்பட வண்டியைக் கழுவிவிட வேண்டும். மறுநாள் வரை விடக் கூடாது.

ஆனால் வாட்டர் வாஷ் கடையில் நடப்பது வேறு. அழுத்தத் துப்பாக்கியை வீல் பேரிங்கிலும், ஹேண்டில் பாரின் கோன் செட்டிலும், செயினிலும் நேராகப் பிடித்தால், அழுக்கோடு சேர்த்து உள்ளே இருக்கும் கிரீஸையும் அது வெளியேற்றிவிடும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளோ அந்த அடியில் மடங்கிப்போகும். மடங்கிய தகட்டின் வழியே காற்று போகாது. சித்திரை வெயிலில் வண்டி அடிக்கடி சூடாகி விசிறி விடாமல் ஓடினால், அந்தத் தகடுகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

செயின்தான் உரிமையாளர் தன் கையாலேயே பார்த்துக்கொள்ள வேண்டிய பாகம். இந்த வண்டிகளில் பலவற்றில் வருவது ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் செயின். ஒவ்வொரு கண்ணியின் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, தயாரிக்கும்போதே கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் சிறு ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள். அந்த வளையம் போனால் கிரீஸ் போகும். கிரீஸ் போனால் செயின் போகும். அதனால் பெட்ரோல் ஊற்றிக் கழுவக் கூடாது, கம்பி பிரஷ் கூடாது. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும், அல்லது செயினுக்கென்றே விற்கும் திரவம். துடைத்து உலர்ந்த பின் செயின் லூப் அல்லது 90 ஆயிலை, உள்பக்கமாக விழும்படி கொஞ்சமாகப் போட வேண்டும். எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டால் புழுதி ஒட்டி, உரசித் தேய்க்கும் பசையாகிவிடும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் செம்மண் பாதையில் போய்வரும் வண்டிகளில் செயினைத் தொட்டுப் பார்த்தால் விரலில் நறநறவென்று ஒட்டுவது அந்தப் பசைதான். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த மண்ணுக்கு அது உச்சவரம்பு.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, சுழலும் செயினில் துணியை வைத்துத் துடைக்கும் பழக்கம் இருக்கிறது. துணியைப் பற்றிய செயின் விரலையும் இழுத்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் கொண்டுபோகும். விரல் போனவர்கள் இருக்கிறார்கள். இன்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

செயின் தொய்வு பல வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை. சரியான அளவு கையேட்டிலோ ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். ஏன் தொய்வே வேண்டும், இழுத்துக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சும் முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. பள்ளத்தில் இறங்கி பின்சக்கரம் மேலே எழும்பும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது. இறுக்கிக் கட்டிய செயினுக்கு அப்போது நீள இடமில்லை, அந்த இழுவை நேராக கியர் பெட்டியின் பேரிங்கில் விழும். கொஞ்சம் தொங்கும் செயின் சத்தம் போடும், அவ்வளவுதான். இறுகிய செயின் கியர் பெட்டியையே பிரிக்கவைக்கும். தேய்ந்ததைக் கண்டுபிடிக்க, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செட்டாகவே மாற்ற வேண்டியதுதான்.

பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதே இல்லை. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் 155 டிகிரி வரை தாங்கினால் போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிற்கும் வண்டியில் இந்த ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது டிஸ்க்கின் சூடு காலிப்பர் வழியே எண்ணெய்க்கு ஏறும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். லீவர் பொதபொதவென்று கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. கிண்ணத்தின் கண்ணாடி வழியே பார்த்தால் புது எண்ணெய் வெளிர்மஞ்சளாக இருக்கும். பழுப்பேறியிருந்தால் காலம் கடந்துவிட்டது. எப்படியும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். பெயின்டில் சொட்டினால் பெயின்டைக் கரைத்துவிடும் என்பதால் இதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

மெக்கானிக்கிடமே விட வேண்டிய இன்னொரு வேலை டேப்பட். வால்வு முழுதாக மூடுவதற்காக வைக்கும் இடைவெளி அது. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு. டேப்பட் சத்தம் வந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். இடைவெளி கூடியதால் வரும் சத்தம் அது, பெரும்பாலும் அவசரமில்லாதது. ஆபத்து சத்தமே இல்லாத பக்கத்தில் இருக்கிறது. ஓட ஓட வால்வு தன் இருக்கைக்குள் தேய்ந்து இறங்கும்போது இடைவெளி குறைகிறது. இன்ஜின் முன்னைவிட அமைதியாக ஓடும், ஓட்டுகிறவருக்கோ சந்தோஷம். இடைவெளி முற்றிலும் போனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. இருக்கையில் உட்காரும் அந்தக் கணத்தில்தான் வால்வு தன் சூட்டை இறக்கிவைக்கிறது. உட்கார முடியாவிட்டால் அதன் விளிம்பு எரிந்துபோகும். காலையில் ஸ்டார்ட் ஆக வண்டி திணறுவது முதல் அறிகுறி. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஏர் ஃபில்டரில் ஒரு விஷயம் மட்டும். சில வண்டிகளில் வருவது எண்ணெய் தோய்த்த காகித ஃபில்டர். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு நிலைமையும் உண்டு. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளையின் வண்டி, ஊர் வீட்டு முகப்பில் துணி போர்த்தி நிற்கும். பொங்கலுக்கோ உறவில் ஒரு கல்யாணத்துக்கோ வந்தால்தான் வெளியே வரும். நிற்கும் வண்டியும் கெடும். பேட்டரி தானாகவே வடிகிறது, வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. 12.4 வோல்ட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால், உள்ளே காரீய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. வேலைக்குத் திரும்பக் கிளம்பும்முன் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது பொறுப்பான ஒருவர் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். வெறுமனே ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது உதவாது; செல்ஃப் எடுத்த கரன்டைத் தாண்டிப் பெரிதாக எதுவும் ஏறாது, எண்ணெயில் நீர் சேர்வதுதான் மிச்சம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் அதுவும் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று நிறைந்திருக்கும் என்பதால், டேங்கை நிரப்பிவிட்டுப் போவது நல்லது.

திரும்பி வந்ததும் சாவியைத் திருகுவதற்கு முன் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ரப்பரில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தால் அந்த டயரோடு வேகம் போகக் கூடாது. காற்றை காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். பிறகு இரண்டு பிரேக்கையும் நாலைந்து தடவை அழுத்தி, லீவர் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, தெருமுனை வரை மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.