உங்களுக்குத் தெரியுமா? புதுக் குட்டிப் பாம்பும் முதல் இரையும்

● அமெரிக்க வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் விஷமற்ற பாம்பு, கார்ன் ஸ்நேக். புதிதாக வாங்கி வந்த குட்டி சில நாட்கள் இரையைத் தொடாமல் இருப்பது சகஜம். பெரும்பாலும் இடம் மாறிய மிரட்சியே காரணம்.

● அதனால் முதல் 5 முதல் 7 நாட்கள் அதைக் கையில் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். உடல் ஒட்டி நுழையும்படி குறுகலான மறைவிடமும் தண்ணீரும் இருந்தால் போதும்.

● கூண்டின் ஒரு பக்கம் சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். குளிர்ந்த உடம்பில் இரை செரிக்காது; விழுங்கியதையும் கக்கிவிடும்.

● உறையவைத்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளஞ்சூடாக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டுவார்கள்.

● காட்டில் கார்ன் ஸ்நேக் குட்டிகள் சிறு பல்லி, மரத்தவளைகளையும் தின்னும். எலியைச் சீண்டாத குட்டிக்கு, எலிக்குஞ்சின் மேல் பல்லி வாசனையை ஏற்றிக் கொடுப்பது வளர்ப்பவர்களின் உத்தி.

● ஆப்பிரிக்காவின் பால் பைத்தானுக்கு உதட்டோரம் வெப்பம் உணரும் குழிகள் உண்டு. ஆறிப்போன எலியை அது கண்டுகொள்ளாமல் விடலாம்.

● கண் பால்போல் மங்கினால் தோல் உரிக்கப்போகிறது என்று பொருள். அப்போது பல பாம்புகள் இரை எடுக்காது.

● சாப்பிட்டபின் 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக் கூடாது.

● இந்தியாவில் நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்றவற்றை வீட்டில் வளர்ப்பது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.