இறங்கும்போது தெரியும் வயது

சித்ரா பௌர்ணமிக்குப் பாலக்காட்டிலிருந்து குமுளி போய், மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்தே ஏறினோம். ஏறுகையில் மூச்சு வாங்கியது. இறங்குகையில்தான் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. காரணம் உண்டு. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். வயதானால் தசை மெலியும். அதிலும் வேகமாக இயங்கும் இழைகளே அதிகம் மெலிகின்றன. ஆகவே கால் இடறினால் சட்டென்று ஊன்ற முடிவதில்லை.

அதன்பிறகு கடை மச்சுக்கு ஏறுவதையே விட்டேன். ஆறே மாசத்தில் நாற்காலியிலிருந்து எழவும் கை ஊன்ற வேண்டியதாச்சு! "வயசாச்சு, சும்மா உக்காருங்க" என்று வீட்டுப் பெரியவர்களைச் சொல்வது பரிவல்ல. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தொண்ணூறு வயதையொட்டிய பத்துப்பேர் எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்தனர். கால்வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலானது. நெஞ்சுவலி, கடும் மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்கவும். நான் இப்போது கைப்பிடியைப் பிடித்தபடி தினமும் மச்சுக்கு ஏறி இறங்குகிறேன்.