எந்தச் சாமானை முதலில் வாங்குவது? ஒரு கராஜ்காரனின் கணக்கு

2012ஆம் ஆண்டு. தருமபுரத்தில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரத்தில், தகரக் கொட்டில் ஒன்றில் நான் மறுபடியும் கராஜ் தொடங்கி மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓர் அண்ணை வந்தார். பிளக்கில் நெருப்பு வரவில்லை.

“தம்பி, விடிய நாலு மணிக்கு நான் கரையில நிக்கவேணும். எப்பிடியாவது பார்” என்றார்.

பழுது மக்னற்றுக்குப் பின்னால் இருக்கும் கொயிலில் என்று தெரிந்தது. மக்னற்றைக் கழற்ற ஒரு புலர் வேண்டும். என்னிடம் இருக்கவில்லை. அவருடைய அவசரத்தையும் என் கெட்டித்தனத்தையும் நம்பி, இரண்டு பக்கமும் திருப்புளியைச் செருகி நெம்பிக்கொண்டு தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது அடியில் உள்ளே ஒட்டியிருந்த காந்தம் ஒன்று உடைந்து விழுந்தது. தண்டின் நுனி மரையும் நசுங்கிப் போனது.

வவுனியாவில் பழைய மக்னற் ஒன்று தேடி எடுத்து, நசுங்கிய மரையை லேத்தில் சரிசெய்து வண்டியைக் கொடுக்கப் பதினொரு நாட்கள் ஆயின. செலவு என்னுடையது. ஆனால் அந்தப் பதினொரு நாட்களும் அவர் மீன் விற்கவில்லை. அதற்கு நான் எதுவும் கொடுக்கவில்லை; அவரும் கேட்கவில்லை. அந்த மக்னற் வாங்கிய காசுக்கு ஆறேழு புலர் வாங்கியிருக்கலாம்.

கராஜ் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணை, என்னென்ன சாமான் வாங்கவேணும்?” என்பதுதான். அதற்கான பதிலை நான் அந்த மீன்காரரின் வண்டியில்தான் படித்தேன். அதை இங்கே எழுதுகிறேன்.

இருந்ததும் இழந்ததும்

நான் தொழில் பழகியது 1997இல், மல்லாவியில். பொருளாதாரத் தடைக் காலம். ஒரு சொட்டுப் பெற்றோலில் வண்டியை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய நாட்கள். உதிரிப்பாகம் வராது. ஆகவே ஒரு பாகத்தை உடைக்காமல் கழற்றுவதுதான் எங்களுக்குத் தொழிலின் பாதி. என் குரு ஒவ்வொரு சாமானையும் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, அதன் வடிவத்தை மையால் வரைந்து வைத்திருப்பார். மாலையில் எது குறைகிறதென்று ஒரு பார்வையில் தெரியும்.

எங்கள் ஊர் வழக்கில் தொழிலாளியின் சாமானுக்குப் பெயர் ‘ஆயுதம்’. சரஸ்வதி பூசைக்கு அவற்றைக் கழுவிப் பொட்டு வைப்போம். சோதனைச்சாவடிகளைக் கடக்கும் காலம் வந்தபோது அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டோம். இன்று நான்கூட ‘சாமான்’ என்றுதான் சொல்கிறேன்.

2008இல் மல்லாவியிலிருந்து வெளிக்கிட்டபோது பெட்டி நிறையச் சாமான்கள் இருந்தன. தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று இடம்பெயரப் பெயரப் பெட்டியின் பாரம் குறைந்தது. மாத்தளனில் மிச்சத்தைப் பதுங்குகுழியின் ஓரத்தில் புதைத்தேன். கடக்கும்போது கையில் பிள்ளை இருந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது புதைத்த இடத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்களில் அநேகர் தொழிலை இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் வெறுங்கையோடு தொடங்கியவர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க எங்களால் முடியாது. ஆகவே எது முதலில் என்பது எங்களுக்கு வயிற்றுக் கேள்வி.

சுத்தியலுக்கும் புலருக்கும் என்ன வித்தியாசம்?

கிராங் தண்டின் நுனி சற்றுக் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். மக்னற்றின் நடுத்துளையும் அதே கூம்பு. நட்டை இறுக்க இறுக்க இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மக்னற்றைச் சுற்றாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கவ்வல்தான். இடையில் இருக்கும் அரைநிலா வடிவக் ‘கீ’ சரியான இடத்தில் பொருந்துவதற்கு மட்டுமே. அதனால்தான் நட்டைக் கழற்றிய பிறகும் மக்னற் அசையாது.

புலரின் உடல் மக்னற்றின் நடுவிலுள்ள மரையில் ஏறும். அதன் நடுப் போல்ட் தண்டின் நுனியைத் தள்ளும். இழுப்பதும் தள்ளுவதும் ஒரே நேர்கோட்டில் நடப்பதால் வேறு எந்தப் பாகத்திலும் பாரம் விழாது. சுத்தியலால் அடித்தால் அந்த அடி தண்டு வழியாகப் பேரிங்கில் இறங்கும். சிறிய மோட்டார் சைக்கிள்களின் கிராங், துண்டுகளாகச் செய்து அழுத்திப் பொருத்தப்பட்டது. ஓர் அடியில் அது நேர் விலகலாம். வண்டி ஓடும், ஆனால் அதிர்வு வரும், சில மாதங்களில் பேரிங் போகும். வண்டிக்காரர் அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக நினைக்கவே மாட்டார். அது இன்னும் பெரிய பாவம்.

மூன்று கால் புலரை மக்னற்றின் விளிம்பில் மாட்டி இழுப்பதும் பிழை. விளிம்பு வளையும்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்

முதலாவது: இந்தச் சாமான் இல்லாமல் அந்த வேலையைச் செய்தால் எது உடையும், அதன் விலை என்ன? உடையும் பாகம் சாமானைவிட விலை கூடியதென்றால் அதை முதலில் வாங்குங்கள். மக்னற் புலர் இந்த வகை.

இரண்டாவது: அந்த வேலை மாதத்தில் எத்தனை தடவை வரும்? ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஞாபகம் ஏமாற்றும், கொப்பி ஏமாற்றாது.

மூன்றாவது: அதை நாமே செய்யலாமா, அல்லது இரவல் எடுக்கலாமா?

அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி புலர் வாங்கக்கூடாது. ஒரே கம்பனியின் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு அளவு இருக்கும். நான்கு விடயங்களைப் பார்க்கவேண்டும்: மரையின் விட்டம், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி, மரை உள்ளேயா வெளியேயா, வலம் சுற்றா இடம் சுற்றா. 27 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் இடைவெளியும் பல வண்டிகளில் உள்ள அளவு. ஆனால் உங்கள் வண்டியில் அதுதான் என்று நினைக்கவேண்டாம். வேர்ணியரால் அளவுங்கள். முடிந்தால் உடைந்த பழைய மக்னற் ஒன்றைக் கடைக்கே கொண்டுபோய்க் கையால் ஏற்றிப் பாருங்கள். இறுதிவரை கையாலேயே ஏறவேண்டும். இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்த நிலையில் இறுக்கினால் மக்னற்றின் மரை கழன்றுவிடும். பிறகு பிடித்து இழுக்க எதுவும் இராது.

நடுப் போல்ட்டின் நுனி கடினமாக இருக்கவேண்டும். சிறிய அரத்தால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் நல்லது. கடித்தால் அது மென்னிரும்பு. நாலு வண்டிக்குள் நுனி விரிந்துவிடும்.

பாவிக்கும்போது முழுவதும் ஏற்றிய பின் நடுப் போல்ட்டை இறுக்குங்கள். வராவிட்டால் போல்ட்டின் தலையில் ஒரு சிறு தட்டு, பிறகு மறுபடியும் சிறிது இறுக்கு. ‘டக்’ என்ற சத்தத்தோடு மக்னற் விடும். சுத்தியலுக்கு அங்கே அவ்வளவுதான் வேலை.

நாமே செய்யக்கூடியவை

பல வண்டிகளில் கிளச்சின் நடுவில் இருக்கும் நட்டு அறுகோணமாக இராது. வட்டமாக, நான்கு வெட்டுகளோடு இருக்கும். வெட்டிரும்பை வைத்து அடித்துச் சுற்றுபவர்களை எல்லா ஊரிலும் காணலாம். நட்டு சிதைவதோடு இரும்புத் துகள் எஞ்சினுக்குள் விழும்.

இதற்கான சொக்கற்றை விலைக்கு வாங்கத் தேவையில்லை. சரியான விட்டமுள்ள பழைய சொக்கற் ஒன்றை எடுத்து, வாயில் நான்கு பற்களை விட்டு மிச்சத்தை கிரைண்டரால் அரைத்து எடுக்கலாம். அரைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். இரும்பு நீல நிறமாக மாறினால் அதன் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். கிளச்சைச் சுற்றாமல் பிடிக்க, பழைய இரும்புக் கிளச் பிளேற் ஒன்றில் கைபிடி ஒன்றை ஒட்டினால் போதும்.

செய்யவும் கூடாது, மலிவாகவும் வாங்கக்கூடாது

வால்வு இடைவெளி பார்க்கும் பீலர் கேஜ். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் அந்த இடைவெளி 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரைதான். நாம் எழுதும் ஒரு தாளே ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. தாளை வைத்து அளந்தேன் என்பவர் எதையும் அளக்கவில்லை. இடைவெளி போதாவிட்டால் வால்வு எரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்கவேண்டும்.

அடுத்தது சொக்கற். பன்னிரண்டு மூலையுள்ளதைவிட ஆறு மூலையுள்ளது நட்டை நன்றாகப் பிடிக்கும். மூலை மழுங்கிய, கறள் ஏறிய நட்டுகளுக்கு அதுதான் வேண்டும். 8, 10, 12, 14, 17 மில்லிமீற்றர் ஐந்தும் நல்லதாக இருந்தால் அநேக வேலை நடக்கும்.

மூன்றாவது, ஜப்பான் வண்டிகளின் நட்சத்திரத் தலை ஸ்குரூ. சாதாரண நட்சத்திரத் திருப்புளி அதில் சரியாக உட்காராது. மேலே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பல ஸ்குரூக்களில் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். ஜப்பான் முறைத் திருப்புளி ஒன்றை வாங்கி வைத்தால், ஸ்குரூவைத் துளைத்து எடுக்கும் வேலை பாதியாகக் குறையும்.

சேர்ந்து வாங்கக்கூடியவை

வால்வு ஸ்பிரிங் அமுக்கி, பேரிங் புலர், டோர்க் ஸ்பனர் போன்றவை விலை கூடியவை. மாதத்தில் சில நாள்தான் பயன்படும். நாங்கள் மூன்று கராஜ்காரர் சேர்ந்து வாங்கினோம். ஒரு கொப்பியில் எடுத்தவர் பெயரும் திகதியும் எழுதுவோம். டோர்க் ஸ்பனரால் நட்டைக் கழற்றக்கூடாது, வேலை முடிந்ததும் அளவைக் குறைத்து வைக்கவேண்டும் என்பவை எங்கள் சட்டங்கள். தொழிலில் போட்டிதான். ஆனால் ஒருவரிடம் சாமான் இல்லாததால் சனத்தின் வண்டி உடையக்கூடாது என்பதில் மூவருக்கும் ஒரே மனது.

கடன் எடுக்க முன்

வாழ்வாதார உதவியாக நூறு துண்டுச் சாமான் பெட்டி கிடைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திறந்தால் பாதி அங்குல அளவு. எங்கள் வண்டிகளோ மில்லிமீற்றர். கிடைத்ததை வேண்டாமென்று சொல்லவேண்டாம். ஆனால் அப்படியொரு பெட்டியைக் கடன் எடுத்து வாங்காதீர்கள். நுண்கடன் எங்கள் மாவட்டங்களில் என்ன செய்தது என்று நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. முதல் மாத வருமானத்தில் ஒரு புலர், அடுத்த மாதம் ஒரு பீலர் கேஜ் என்று வேலை கொண்டுவரும் காசிலேயே வேலைக்கான சாமானை வாங்குங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் ரூபாயும் விழுந்த பிறகு, எங்கள் சனம் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டியது. அந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் மீன், பால், மரக்கறி, பள்ளிக்கூடம் என்று ஒரு குடும்பம் இருக்கிறது.

என் கராஜ் சுவரின் முதல் ஆணியில் புலர் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில், அன்று உடைந்த மக்னற்றையும் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை பழக வரும் பொடியங்களுக்கு முதல் நாள் இரண்டையும் கழற்றிக் கையில் கொடுப்பேன். அந்த மீன்கார அண்ணை இன்றும் என்னிடம்தான் வண்டி திருத்த வருகிறார். வந்தால் ஒரு தரம் அந்தச் சுவரைப் பார்ப்பார். எதுவும் சொல்லமாட்டார்.