கல்மரமும் நான்முகி மூலக்கூறும்

குன்னம் அமைந்துள்ள பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில், ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தார். கிரெட்டேசியக் காலத்தில் புதையுண்ட இம்மரத்தினுள், நீரில் கரைந்திருந்த சிலிசிக் அமிலம் ஊடுருவிச் சிலிக்காவாகப் படிந்தது, மரம் கல்லாயிற்று.

இவ்வமில மூலக்கூறில் ஒரு சிலிக்கான் அணுவுடன் நான்கு ஹைட்ராக்சில் தொகுதிகள் இணைந்துள்ளன. இதன் லூயிஸ் அமைப்பை வரைவோம்.

1. மொத்த இணைதிற எலக்ட்ரான்கள்: 4 + (4 × 6) + (4 × 1) = 32.
2. சிலிக்கானை மைய அணுவாகக் கொண்டு, நான்கு ஆக்சிஜன் அணுக்களையும், அவை ஒவ்வொன்றுடனும் ஒரு ஹைட்ரஜனையும் ஒற்றைப் பிணைப்பால் இணைக்கவும். எட்டுப் பிணைப்புகளுக்கு 16 எலக்ட்ரான்கள் தேவை.
3. எஞ்சிய 16 எலக்ட்ரான்களை, ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் இரண்டு தனித்த இரட்டைகளாகப் பகிர்ந்தளிக்கவும். சிலிக்கானும் ஆக்சிஜனும் எண்ம விதியை நிறைவு செய்கின்றன.

தாளில் வரைந்த படத்தில் சிலிக்கானின் பிணைப்புகள் 90° கோணத்தில் தோன்றும். அதுவே மூலக்கூறின் வடிவம் என்று கருதுவது தவறு. லூயிஸ் அமைப்பு எலக்ட்ரான்களின் கணக்கையே காட்டும். சிலிக்கானின் நான்கு பிணைப்பு இரட்டைகளும் ஒன்றையொன்று விலக்குவதால், அவை நான்முகியின் முனைகளை நோக்கி, ஏறத்தாழ 109.5° கோணத்தில் அமைகின்றன.

இத்தகைய மூலக்கூறுகள் நீரை இழந்து, ஆக்சிஜன் வழியே நாற்புறமும் பிணைந்து முப்பரிமாண வலைப்பின்னலாகின்றன. கல்மரத்தின் உறுதிக்கு அடிப்படை அந்த வலைப்பின்னலே.