கப்பல் வந்தால் போதுமா?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மும்பைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். "நவசேவா துறைமுகத்தை வித்துட்டாவளாமே தம்பி?" என்றார்.

"விற்கவில்லை அண்ணாச்சி, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்" என்றேன்.

1989-இல் திறக்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் கப்பலிலிருந்து பெட்டி இறக்குவதையும் துறைமுகமே செய்துவந்தது. 1997-இல், ஒரு முனையத்தைக் கட்டி 30 ஆண்டுகள் நடத்தித் திருப்பித் தரும் ஒப்பந்தம் தனியாருடன் ஏற்பட்டது. 1999-இல் அந்த முனையம் இயங்கத் தொடங்கியது. 2022-இல் துறைமுகம் தானே நடத்திவந்த முனையமும் தனியார் கைக்குப் போனது. இன்று துறைமுக ஆணையம் வீட்டுக்காரர். முனையம் நடத்துவோர் குடித்தனக்காரர்கள். நிலம் நம்முடையதுதான்.

இந்த மாற்றம் ஏன்? கப்பல் கம்பெனிக்கு நேரமே பணம். இங்கே காத்திருக்க நேர்ந்தால் வேறு துறைமுகம் தேடிப் போய்விடும். நம் நாட்டுப் பெட்டிகள் பல, கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறிப் போவதும் வருவதும் நீண்ட நாள் வழக்கம். அந்த வேலையை இங்கேயே செய்வதற்காகத்தான் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெரிய துறைமுகங்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்க 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

ஆனால், தண்டவாளப் பிரிவில் உழைத்த எனக்கு ஒன்று தெரியும். கப்பலிலிருந்து இறக்கினால் மட்டும் போதாது. வாசலைத் தாண்டி வெளியே போகவேண்டும். 45 வேகன் கொண்ட ஒரு ரயில், 20 அடிப் பெட்டிகள் 90 ஏற்றும். ஒரு கப்பல் 1,800 பெட்டிகள் இறக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு ரயிலில் போவதானால், ஏழு ரயில்கள் தேவை. ஒரு மழைக்காலத்தில், துறைமுகம் செல்லும் கிளைப்பாதை ஒன்றில் எங்கள் கண்ணெதிரே மண் இறங்கிவிட்டது. இரண்டு நாள் ரயில் ஓடவில்லை. கிரேன்கள் நன்றாகத்தான் இருந்தன. பெட்டிகளோ மலைபோல் குவிந்தன. கிரேன் வாங்கக் காட்டும் அக்கறையைத் தண்டவாளத்திலும் காட்டவேண்டும் என்று அன்று உணர்ந்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி, "சரி தம்பி, மூட்டை தூக்கின எங்க கை?" என்றார்.

பெட்டகம் வந்த அன்றே அந்த வேலை குறையத் தொடங்கிவிட்டது. ஒரு கிரேன் ஓட்டுநர் செய்வதை முன்பு ஒரு கூட்டமே செய்தது. அவர்கள் பிள்ளைகள் கிரேன் ஓட்டவும் முனையக் கணினியில் வேலை பார்க்கவும் பயிற்சி பெற்றால்தான் இந்தச் சீர்திருத்தம் முழுமை பெறும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும் என்பது என் கருத்து.

அண்ணாச்சியின் பேரன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அடுத்த ஞாயிறு அவனை என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.